கவிழ்ந்த ரொட்டியின் நிழல்

கடைசி அத்தியாயம்

"கோர்ட் அமீனா மூணு மணிக்குத்தான் வருவார். இப்ப மணி என்ன ஃபிர்மேன்?"

"காலைச் சாப்பாடு செரிச்சு, மத்தியானச் சாப்பாட்டைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிக்கிற நேரம், மதாம்."

"மணியைக் கேட்டேன். வயித்தைக் கேக்கல."

"பத்து."

ஃபெக்கான் துறைமுகத்திலிருந்து மேட்டுக்குப் போகும் சாலையில் எங்கள் பழைய ரெனோ கார் இருமிக்கொண்டே ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மதாம் ஒர்த்தான்ஸ் வல்யே, என் முதலாளி. இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காகத் திருட்டுப் புகார்களை விசாரித்தவர். பொய் சொல்கிறவர்கள் வீட்டு நாய்கூட அவரைக் கண்டால் குரைக்காது. நான் அவருடைய உதவியாள். வண்டி ஓட்டுவது, கதவைத் தட்டுவது, தேவையில்லாத இடத்தில் வாயைத் திறப்பது, மூன்றும் என் பொறுப்பு.

மதாம் மடியில் ஒரு புகைப்படம். ஓர் ஓவியத்தைப் படம் எடுத்தது. ஜன்னலோரம் ஒரு சமையலறை மேஜை, நீல ஜாடி, பின்னால் தள்ளிய நாற்காலி, மேஜை நடுவில் ஓர் உருண்டை ரொட்டி. அவ்வளவுதான். அந்த ஓவியத்தை இன்று மூன்று மணிக்கு அழிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டிருந்தது.

ஓவியம் மார்ஸ்லின் ஓவ்ரேயுடையது. தையல் வேலை செய்து ஓய்ந்த அம்மாள். அவருடைய அம்மா இவெத், துறைமுகத்தில் துணி வெளுத்துப் பிழைத்தவள். மகளிடம் சொல்லி வளர்த்ததும், சாகும்போது சொன்னதும் இதுதான்: 'இதை நம்ம சமையலறையில உக்காந்து வரைஞ்சது உங்கப்பா. பேரு அன்செல்ம் கேருவெல்.'

அந்தப் பெயரைக் கேட்டால் ஊரே எழுந்து நிற்கும். கேருவெல் போய்ச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் பாரிஸில் அவர் படம் தொங்கும் சுவர் முன்னால் கூட்டம் நிற்கிறது. ஆயுள் முழுக்கச் சமையலறை மேஜைகளையே வரைந்தார். எல்லா மேஜையிலும் ஒரு ரொட்டி இருக்கும். எல்லா ரொட்டியும் தட்டையான அடி மேலே தெரியக் கவிழ்ந்து கிடக்கும்.

எங்கள் ஊர்களில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கிற வழக்கம் கிடையாது. வீட்டுக்கு ஆகாது. யாராவது தெரியாமல் வைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கிற கை அதைத் திருப்பிவிடும். அதனால்தான் கேருவெலின் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு என்னவோ சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்துக்குத்தான் அவ்வளவு புகழ்.

மார்ஸ்லின் படத்தில் மட்டும் ரொட்டி நிமிர்ந்து இருந்தது. அந்த அம்மாள் வெகுளியாக அதைக் கண்காட்சிக்கு இரவல் தரப்போக, ஓவியரின் தம்பி மகன் 'போலி' என்றார். வந்த நிபுணரும் 'போலி' என்றார். நிழல்கூட ஒழுங்காக விழவில்லை, கற்றுக்குட்டியின் வேலை என்று எழுதியும் கொடுத்தார். போலி என்று தீர்ப்பானால் அழித்துவிடச் சொல்லி எங்கள் கோர்ட்டுகள் உத்தரவு போடுவதுண்டு.

மார்ஸ்லின் எங்களிடம் வந்தபோது அழவில்லை. "படம் போனா போகட்டும் மதாம். எங்கம்மா என்கிட்ட பொய் சொன்னாளா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அறுபது வயசு வரைக்கும் ஒரு அப்பாவை வச்சிருந்தேன். இப்ப இல்லேங்கறாங்க."

"மதாம், அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, நம்பிக்கையா இருங்கன்னு சொல்லிடலாமா?" என்றேன்.

"கூடாது. கையில ஆதாரம் இல்லாம நம்பிக்கை குடுக்கறது, பசிச்சவனுக்குச் சமையல் வாசனை காட்டற மாதிரி. வண்டியை ஓட்டு."

மதாமின் கொள்கை அது. வாடிக்கையாளருக்கு அரைச் சேதி சொல்ல மாட்டார். நான் ஓட்டினேன்.

கேருவெல் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வாசலில் நின்றவர் ரொதொல்ஃப் கேருவெல், அந்தத் தம்பி மகன்தான். வெல்வெட் கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி, முகத்தில் 'நான்தான் வாரிசு' என்கிற களை.

"தீர்ப்பு வந்தாச்சு மதாம். இனிமே நான் பேசறதுக்கு ஒண்ணுமில்ல."

"நானும் பேச வரல முசியே. சுத்திப் பாக்க வந்தேன். டிக்கெட் வாங்கிட்டேன்."

"எனக்கும் சேத்து வாங்கியிருக்காங்க," என்றேன். "சரித்திரத்துல முதல் தடவை."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவர்களை விரட்டவும் முடியாதே. கூடவே நடந்தார். இரண்டு பக்கமும் மேஜைகள், நாற்காலிகள், கவிழ்ந்த ரொட்டிகள். மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தார். பெரியப்பாவின் அப்பா மீன்பிடிக் கப்பலில் போய்க் கடலோடு போனவராம். கவிழ்ந்த ரொட்டி என்பது கவிழ்ந்த அந்தக் கப்பலாம்.

"நல்லவேளை, அவர் பசியில சாகல," என்றேன் மெதுவாக. "இல்லேன்னா ஓவியர் காலித் தட்டா வரைஞ்சு தள்ளியிருப்பார்."

மதாம் என் காலை மிதித்தார். கடைசி அறையில் ஒரு பெரிய கித்தான் தனியாகத் தொங்கியது. அதில் மேஜையில்லை, ரொட்டியில்லை, எதுவுமில்லை. வெளிர் மஞ்சளில் சில சாம்பல் நிறத் திட்டுகள் மட்டும். கீழே 'இன்மை' என்று பெயர் எழுதியிருந்தது.

"இது அவரோட கடைசிப் படம்," என்றார் ரொதொல்ஃப். குரல் கோயிலுக்குள் பேசுவதுபோல் தாழ்ந்தது. "வாழ்க்கை பூரா பொருளை வரைஞ்சவர், கடைசியில ஒண்ணுமில்லாததை வரைஞ்சார். இதைப் பத்தி மூணு பேராசிரியர்கள் எழுதியிருக்காங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு நிழல் விழுமா முசியே?"

"என்ன?"

மதாம் கிட்டே போய் விரலால் காட்டினார். "இது நாற்காலியோட நிழல். இது ஜாடி. இது கவிழ்ந்த ரொட்டி. இது தத்துவம் இல்ல. நிழலை மட்டும் போட்டுட்டுச் சாப்பிடப் போன ஆளு. திரும்பி வரல, அவ்வளவுதான்."

மூன்று பேராசிரியர்களையும் நினைத்து எனக்குச் சிரிப்பு முட்டியது. ரொதொல்ஃபின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாப்பாட்டு மேஜையிலதான் உயிர் போச்சு," என்றார். "காலையில நிழலைப் போட்டாத்தான் காப்பியே குடிப்பார். 'வெளிச்சம் எனக்காகக் காத்திருக்காது, ரொட்டி காத்திருக்கும்'னு கத்துவார். சின்ன வயசுல கேட்டது. மறந்தே போயிட்டேன்."

"மறந்துட்டு 'இன்மை'ன்னு பேர் வச்சுட்டீங்க. போகட்டும். இப்ப இதைப் பாருங்க." மதாம் புகைப்படத்தை நீட்டினார். "மார்ஸ்லின் படம். ரொட்டி நிமிர்ந்திருக்கு. நிழல் எப்படி விழுந்திருக்கு?"

"தப்பா விழுந்திருக்கு. நிபுணரே சொன்னாரே."

"ஃபிர்மேன், உன் சாப்பாடு."

என் பையிலிருந்த முழு ரொட்டியை எடுத்து, கிழக்கு ஜன்னலோரம் கிடந்த மேஜையில் வைத்தார். என் மத்தியானச் சாப்பாடு சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது. நிமிர்ந்த ரொட்டியின் நிழல் குன்றுமாதிரி உருண்டையாக விழுந்தது. மதாம் அதைக் கவிழ்த்தார். இப்போது நிழலின் மேல்விளிம்பு தட்டையாக, அடியில் ஒரு கீற்று வெளிச்சத்தோடு விழுந்தது. படத்தில் இருந்தது அச்சு அசலாக அதே நிழல்.

ரொதொல்ஃபின் கை தானாக நீண்டது. ரொட்டியைத் தொட்டுத் திருப்பப் போய், பாதியில் நின்றது.

"பாத்தீங்களா? உங்க கையே சும்மா இருக்கல," என்றார் மதாம். "போலி பண்றவன் நிழலையும் ரொட்டியையும் பொருத்தித்தான் போடுவான். இது பொருந்தல. காலையில கவிழ்ந்த ரொட்டியோட நிழலை ஒருத்தர் வரைஞ்சிருக்கார். சாப்பிட எழுந்து போயிருக்கார். அந்த நேரத்துல அந்த வீட்டுல ஒரு கை ரொட்டியை நிமித்தி வச்சிடுச்சு. வந்தவர் கண்ணுக்கு முன்னால இருந்ததை அப்படியே வரைஞ்சுட்டார். நிழலை முதல்ல போடற ஓவியர் நம்ம ஊர்ல எத்தனை பேர்?"

ரொதொல்ஃப் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பேசியபோது அந்த வாரிசுக் களையெல்லாம் போய், குரல் சாதாரண மனிதனுடையதாக இருந்தது.

"கப்பல் கதை நான் கட்டினது மதாம். எங்க தாத்தா கடலுக்கே போனதில்ல. தலை வெட்டற இயந்திரம் இருந்துதே, அதுல எடுபிடியா இருந்தார். கைதியைப் பிடிச்சுக் குனிய வைக்கிற வேலை. ரொட்டிக் கடைக்காரன் எங்க வீட்டு ரொட்டியை மட்டும் அலமாரியில கவிழ்த்து வைப்பான். தலை வெட்டறவன் வீட்டு ரொட்டியை வேற யாரும் தெரியாம எடுத்துடக் கூடாதுன்னு. பெரியப்பா அஞ்சு வயசுலேர்ந்து தினம் போய் அந்த ரொட்டியை வாங்கிட்டு வந்தவர்."

மேஜையில் கவிழ்ந்து கிடந்த என் ரொட்டியைப் பார்த்தேன்.

"அவர் ரொட்டியை யாராவது திருப்பினா அடிப்பார். என்னையே அடிச்சிருக்கார். 'அது அப்படித்தான் இருக்கணும், தொடாதே'ன்னு. அதனாலதான் நிமிர்ந்த ரொட்டின்னதும் போலின்னு சத்தியம் பண்ணினேன். அவர் விடவே மாட்டார்னு நினைச்சேன்." புகைப்படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். "விட்டிருக்கார். அந்த வீட்டுல மட்டும் விட்டிருக்கார்."

அப்புறம் அவரே எழுந்துபோய் வக்கீலுக்குப் போன் போட்டார். அசல் என்று எழுதிக் கொடுக்கிறேன், அமீனாவை உடனே நிறுத்துங்கள் என்று கத்தினார். ஒரு மனிதன் தன் தப்பைத் திருத்திக்கொள்ள அப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கணத்தில் எனக்கு அவரைப் பிடித்துக்கூடப் போய்விட்டது.

வெளியே வந்ததும் மதாம் கோட்டுப் பொத்தானைப் போட்டார். வழக்குகளில் ஜெயித்தால் அவர் செய்கிற ஒரே கொண்டாட்டம் அதுதான்.

"இப்பவாவது போன் போடலாமா?"

"அஞ்சு நிமிஷத்துல போயிடலாம். நேர்லயே சொல்லிடுவோம். அந்த முகத்தைப் பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு."

மதாம் வாயில் ஆசை என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். மறுத்துப் பேசத் தோன்றவில்லை. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு புது ரொட்டியும் ஆப்பிள் சாராயத்தில் ஒரு புட்டியும் அவரே வாங்கினார். துறைமுகத்தில் கடல் பறவைகள் மீன் கூடைகளைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது, அடித்தேன்.

மார்ஸ்லின் வீட்டு மாடிப்படியில் ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் தோல் பை, கக்கத்து இடுக்கில் படமில்லாத நாலு மரச்சட்டங்கள். அமீனா பெர்த்துய்.

"மூணு மணிக்குத்தானே?" என்றார் மதாம்.

"ஆமாம் மதாம். அந்த அம்மாதான் காலையில ஆபீசுக்குப் போன் பண்ணி, சீக்கிரம் வந்துடுங்க, காத்திருக்க முடியலன்னு கேட்டாங்க." அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அவங்களே செஞ்சாங்க. என்னைத் தொட விடல. தன் கத்திரிக்கோலாலேயே வெட்டி அடுப்புல போட்டாங்க. எரிஞ்சு முடியற வரைக்கும் நான் நின்னு பாக்கணும், அது என் கடமை."

அவர் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "ஆமாங்க வக்கீல் சார்... சொல்லுங்க..." என்றவர் இடுக்கிலிருந்த சட்டங்களைக் குனிந்து பார்த்தார். போனை அணைக்காமலே எங்களைத் தாண்டி மெதுவாக இறங்கிப் போனார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது யார் என்று சொல்லிக் கோபப்படவாவது ஓர் ஆள் வேண்டும். இங்கே அதற்கும் ஆளில்லை. ரொதொல்ஃப் தன் பெரியப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்தார். அமீனா தன் வேலையைச் செய்தார். மதாம் அந்த அம்மாளுக்கு வீண் ஆசை காட்டக் கூடாது என்று இருந்தார். எல்லாரும் நல்லவர்கள், எரிந்தது எரிந்துவிட்டது.

"மதாம், இப்படியே திரும்பிப் போயிடலாம்," என்றேன்.

"போய்?"

"கண்டுபிடிக்க முடியலன்னு நாளைக்குச் சொல்லிக்கலாம். பொய்தான். ஆனா அந்தம்மா தூங்குவாங்க."

மதாம் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். இருபது வருடம் பொய்களைப் பிடித்தவர், ஒரு பொய் சொல்லலாமா என்று யோசிப்பதைப் பார்த்தேன். அதற்குள் மேலே கதவு திறந்துவிட்டது.

"நீங்களா? வாங்க, வாங்க. காப்பி போட்டுட்டு இருக்கேன்."

மார்ஸ்லின் முகம் கழுவி, தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார். இழவு முடிந்த வீட்டில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு தெளிவு முகத்தில். சமையலறையில் அதே ஜன்னல். மேஜைமேல் பெரிய தையல் கத்திரிக்கோல். கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் ரொட்டியையும் புட்டியையும் மேஜையில் போட்டேன்.

"நீங்க வருத்தப்படாதீங்க மதாம். உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க," என்றார் மார்ஸ்லின், எங்களுக்கு ஆறுதலாக. "நேத்து பூரா நீங்க போன் பண்ணல. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஒண்ணும் கிடைக்கலன்னு. சொல்லச் சங்கடப்படறீங்கன்னு நினைச்சேன்."

மதாம் கண்ணை மூடித் திறந்தார்.

"அம்மா மேல முதல்ல பயங்கரக் கோபம். ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். பாவம், அவளும் என்ன பண்ணுவா? அப்பன் பேர் இல்லாத பொண்ணுன்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்க. எங்கயோ சந்தையில ஒரு படத்தை வாங்கி மாட்டி, இதான் உங்கப்பான்னு..."

பேசிக்கொண்டே வந்தவர், நான் அவசரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ரொட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பேச்சும் நிற்கவில்லை, பார்வையும் அங்கே போகவில்லை. கை மட்டும் போய் வேலையை முடித்துவிட்டு வந்தது.

நானும் மதாமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மதாம் ஓவ்ரே," என்றார் என் முதலாளி. "இப்ப என்ன செஞ்சீங்க?"

"நானா? காப்பி ஊத்தப் போறேன். ஏன்?"

"அந்தப் படம் வீட்டுக்கு வந்தப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"ஏழு இருக்கும். அப்பல்லாம் ஒரு தாத்தா மாதிரி ஆளு அப்பப்ப வருவார். பேச மாட்டார். கை பூரா சாயம். படகுக்குச் சாயம் அடிக்கிறவரா இருந்திருப்பார். நான் மேஜை தொடைப்பேன், தட்டு வைப்பேன். அது என் வேலை." காப்பிப் பாத்திரத்தைப் பிடித்தபடி எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கை மெல்ல இறங்கியது. "என்ன? ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?"

கதவு திறந்திருந்தது, ஓடிவிடலாம்போல எனக்கு இருந்தது.

"சொல்லுங்க மதாம். எதுக்காக உங்ககிட்ட வந்தேனோ அதைச் சொல்லுங்க. எங்கம்மா பொய் சொன்னாளா?"

அம்மாவைக் காப்பாற்றினால் மகள் செத்தாள். மகளைக் காப்பாற்றினால் அம்மா பொய்க்காரி. நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதுதான் சரியென்று தோன்றுகிறது, சில நாட்களில் இல்லையென்றும் தோன்றுகிறது.

"இல்ல," என்றார் மதாம் வல்யே. "ஒரு வார்த்தைகூட பொய் இல்ல."

மதாம் மேஜையில் நிமிர்ந்திருந்த ரொட்டியைக் காட்டினார்.

"அவர் ரொட்டியை யாரும் தொட மாட்டாங்கம்மா. சின்ன வயசுலேர்ந்து. அவரும் யாரையும் தொட விட்டதில்ல. இந்த வீட்டுல மட்டும் ஒரு குழந்தை மேஜை தொடைக்கும்போது அதை நிமித்தி வச்சிருக்கு. இப்ப நீங்க செஞ்ச மாதிரியே, தெரியாமலே. அவர் திட்டல, திருப்பியும் கவிழ்க்கல. அப்படியே வரைஞ்சுட்டார். உங்கப்பாதான். அவர் தம்பி மகனே ஒத்துக்கிட்டார்."

மார்ஸ்லின் முதலில் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், ஏழு வயதுச் சிறுமிபோல. "அப்போ அம்மா..." என்றார். "அப்போ அவர் என்..."

அப்புறம் பார்வை கத்திரிக்கோலுக்குப் போனது. அங்கிருந்து அடுப்புக்குப் போனது. காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மதாம் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார், தொட முடியாமல் இழுத்துக்கொண்டார்.

"எங்கேர்ந்து வெட்ட ஆரம்பிக்கறதுன்னு தெரியல," என்றார் மார்ஸ்லின், யாரையும் பார்க்காமல். "ரொட்டிதான் பொய், ரொட்டிதான் பொய்னு கோர்ட்ல எல்லாரும் சொன்னாங்க இல்ல? அதனால முதல்ல அதைத்தான் வெட்டினேன்."